விண்டோஸ் எக்ஸ்பி: ரூட்டர் மாற்றிய பிறகு லேத் பட்டறைக் கணினிக்கு நெட்வொர்க் கிடைக்கவில்லை

பட்டறைமகள் – திங்கள், காலை 10.12

வணக்கம். கோவையில் எங்கள் அப்பா நடத்தும் லேத் பட்டறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல், சர்வீஸ் பேக் 3. சிஎன்சி லேத்துக்கு (கணினிக் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் இயந்திரம்) ஜாப் புரோகிராம்களைச் சீரியல் கேபிள் வழியாக அனுப்பும் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. அந்த மென்பொருளின் உரிமத்தை உறுதிசெய்யும் சிறு கருவியான டாங்கிள் பிரின்டர் போர்ட்டில் செருகப்படுவது. அதை எழுதித் தந்தவர்களும் தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே எக்ஸ்பியைக் கைவிடுவது இப்போதைக்கு எங்களால் இயலாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற வாரம் பழைய பிராட்பேண்டை நீக்கிவிட்டு ஃபைபர் இணைப்பு வாங்கினோம், ரூட்டரும் மாறியது. அதே வாரத்தில் அலுவலக அறையில் இருந்த விண்டோஸ் 7 கணினியை எடுத்துவிட்டு விண்டோஸ் 11 கணினி வைத்தோம். அன்று முதல் பட்டறைக் கணினியின் கீழ்மூலையில் இருக்கும் இரட்டைத் திரை ஐகானின் மேல் மஞ்சள் முக்கோணம் நிற்கிறது. ‘லிமிட்டெட் ஆர் நோ கனெக்டிவிட்டி’ என்று செய்தி வருகிறது. ‘ரிப்பேர்’ பொத்தானை அழுத்தினால் ஐபி முகவரியைப் புதுப்பிக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. அலுவலகக் கணினியின் பகிர்வு ஃபோல்டரிலிருந்து புரோகிராம்களை எடுப்பதுதான் எங்கள் வழக்கம். இப்போது ஒவ்வொரு ஜாப்புக்கும் பென் டிரைவோடு மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். பார்க்க வந்த ஒருவர், நெட்வொர்க் கார்டு போய்விட்டது என்றும், இல்லையென்றால் ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஃபார்மட் என்ற சொல்லே அச்சமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது வழிகாட்ட வேண்டுகிறேன்.

மூன்றாம்தெரு – திங்கள், காலை 10.40

எக்ஸ்பியில் இந்த முக்கோணத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கமாண்ட் சாளரத்தைத் திறந்து ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’ கட்டளையையும், அடுத்து ‘நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட் ரீசெட்லாக்.டிஎக்ஸ்டி’ கட்டளையையும் கொடுத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கம்பிமுனை – திங்கள், காலை 11.25

சகோதரி, ஃபார்மட் செய்ய யாரையும் விடாதீர்கள். டாங்கிளுக்கான டிரைவர், சீரியல் போர்ட் அமைப்பு, லேத்துக்கு என்று வைத்திருக்கும் வேக எண்கள் ஆகிய எல்லாம் அந்த வட்டில்தான் இருக்கின்றன. அவற்றை மீண்டும் அமைக்க ஆள் கிடைப்பது இன்று எளிதன்று.

நண்பர் மூன்றாம்தெரு சொன்ன கட்டளைகள் பயனுள்ளவைதாம், ஆனால் அவற்றுக்கு உரிய இடம் வேறு. வைரஸோ அரைகுறையாக நீக்கப்பட்ட ஆன்டிவைரஸோ விண்டோஸ் நெட்வொர்க்கோடு பேசப் பயன்படுத்தும் வின்சாக் என்ற மென்பொருள் அடுக்கைக் கெடுத்துவிட்ட கணினியில் அவை அற்புதமாக வேலை செய்யும். உங்கள் கணினி போன வாரம் வரை நன்றாக இருந்திருக்கிறது. மாறியவை வெளியே இருப்பவை. இரண்டாவது கட்டளை, கையால் கொடுத்து வைத்த ஐபி அமைப்புகளையும் அழித்துவிடும் என்பதால், இருப்பதைக் குறித்து வைக்காமல் அதைத் தொடக் கூடாது.

ஒரே வாரத்தில் ரூட்டரும் கணினியும் மாறியிருப்பதால், பழுது ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டு தேடினால் குழம்பிவிடுவோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், சோதியுங்கள். பலனில்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.

இப்போது ‘ஸ்டார்ட்’, ‘ரன்’, ‘சிஎம்டி’ என்று போய், ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ என்ற கட்டளையைக் கொடுத்து, ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி உள் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசலான ரூட்டரின் முகவரி) ஆகிய மூன்றையும் இங்கே எழுதுங்கள். ‘பிங் 127.0.0.1’ என்ற கட்டளைக்குப் பதில் வருகிறதா என்றும் பாருங்கள். அது கணினி தனக்குத்தானே அனுப்பிப் பெறும் சோதனை. அதற்குப் பதில் வந்தால் வின்சாக் பக்கம் போக வேண்டிய அவசரம் இல்லை.

பட்டறைமகள் – திங்கள், பிற்பகல் 1.05

ஐபி முகவரி 169.254.37.112. சப்நெட் மாஸ்க் 255.255.0.0. கேட்வே என்ற வரியில் எதுவும் இல்லை. 127.0.0.1 நான்கு முறையும் பதில் தந்தது. கணினியின் பின்பக்கம் கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு எரிகிறது. விளக்கு எரிவதால் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது, கார்டில்தான் கோளாறு என்பது வந்தவரின் வாதம்.

கம்பிமுனை – திங்கள், பிற்பகல் 2.30

நீங்கள் எழுதியதில் 169.254 என்ற தொடக்கமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ரூட்டர் எதுவும் இந்த முகவரியைக் கொடுக்கவில்லை. தானாக முகவரி பெறும்படி அமைத்த கணினி, எழுந்தவுடன் ‘எனக்கு ஒரு முகவரி தருபவர் யார்?’ என்று கம்பியில் உரக்கக் கேட்கும். அதற்கு டிஎச்சிபி என்று பெயர். வழக்கமாக ரூட்டர் பதில் சொல்லும். யாருமே பதில் சொல்லாதபோது, விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் வரிசையிலிருந்து தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்கிறது. அந்த முகவரியைக் கொண்டு வெளியே எங்கும் போக முடியாது. கேட்வே வரி வெறுமையாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

கார்டு பழுதாகியிருந்தால் பெரும்பாலும் விளக்கே எரியாது, அல்லது டிவைஸ் மேனேஜரில் அதன் மேல் மஞ்சள் குறி இருக்கும். ஆகவே கார்டு வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பச்சை விளக்கைக் குறித்து ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவம் உள்ளவர்களும் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். கம்பியின் மறுமுனையில் மின்சாரம் உள்ள ஏதோ ஒரு பெட்டி இருக்கிறது என்பதைத் தவிர அந்த விளக்குக்கு வேறு எதுவும் தெரியாது. அந்தப் பெட்டி ரூட்டராகவும் இருக்கலாம், வழியில் பல கேபிள்களை ஒன்றிணைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்சாகவும் இருக்கலாம். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

ஆகவே தயவுசெய்து கேபிளைக் கையால் தொட்டுக்கொண்டே அதன் மறுமுனை வரை போய்ப் பாருங்கள்.

பட்டறைமகள் – திங்கள், மாலை 5.50

ஐயா, கண்டுபிடித்துவிட்டேன். கேபிள் ரூட்டருக்கே போகவில்லை. பட்டறைச் சுவரின் மேல் பலகையில், தூசுக்குள் எட்டு போர்ட் உள்ள ஒரு சுவிட்ச் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. எங்கள் அப்பாவே அதை மறந்துவிட்டார். அதிலிருந்து மாடிக்குப் போகும் கேபிளின் முனை, பழைய ரூட்டர் இருந்த அலமாரிக்குப் பின்னால் தரையில் கிடந்தது. ஃபைபர் ரூட்டரை எதிர்ச் சுவரில் மாட்டியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. புதிய ரூட்டரின் லேன் போர்ட் ஒன்றில் அதைச் செருகிய சில நொடிகளில் முக்கோணம் மறைந்தது. இப்போது முகவரி 192.168.1.7, கேட்வே 192.168.1.1. இரண்டும் பிங்குக்குப் பதில் தருகின்றன, 8.8.8.8 என்ற வெளி முகவரியும் பதில் தருகிறது.

ஆனால் ஃபோல்டர் இன்னும் திறக்கவில்லை. அலுவலகக் கணினி 192.168.1.4, அதற்குப் பிங் கொடுத்தால் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்றே வருகிறது.

புதுவட்டு – திங்கள், இரவு 8.15

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் அறியாமல் ஃபார்மட் செய்துவிட்டவன். எக்ஸ்பியை மறுபடி நிறுவிய பிறகு நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் ஃபோல்டரில் லேன் ஐகானே இல்லை. டிவைஸ் மேனேஜரில் ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்று மஞ்சள் கேள்விக்குறியோடு ஒரு வரி மட்டும் இருக்கிறது. டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். என்ன செய்வது?

கம்பிமுனை – திங்கள், இரவு 8.50

எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அந்தக் காலத்துக் கார்டுகளுக்கான டிரைவர்கள் சிடியிலேயே இருக்கும். ரியல்டெக் 8139 கார்டை அது தானாகவே அடையாளம் காணும். பின்னாளில் மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டு வந்த ஜிகாபிட் கார்டுகளை அதற்குத் தெரியாது. அந்த மஞ்சள் வரியின் பண்புகளில் ‘டீட்டெயில்ஸ்’ பகுதியைத் திறந்தால், வெண்டர் எண்ணும் டிவைஸ் எண்ணும் தெரியும். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். டிவைஸ் எண் 8168 என்றிருந்தால் அந்த வரிசைக்கான எக்ஸ்பி டிரைவரை வேறு கணினியில் பதிவிறக்கி, சிடியிலோ பென் டிரைவிலோ கொண்டுவாருங்கள். கார்டு தயாரித்தவரின் தளத்திலோ மதர்போர்டு தயாரித்தவரின் தளத்திலோ மட்டும் எடுங்கள். இலவச டிரைவர் தருவதாகச் சொல்லும் தளங்களை நம்பாதீர்கள்.

பட்டறைமகள், உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரூட்டர் மாறியதால் அலுவலகக் கணினிக்கு அது புதிய நெட்வொர்க். விண்டோஸ் 11 புதிதாகப் பார்க்கும் நெட்வொர்க்கைப் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்து வைஃபையில் நிற்பதைப் போலக் கதவுகளை மூடிக்கொள்ளும். அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் அதைப் ‘பிரைவேட்’ என்று மாற்றி, ஃபைல் பகிர்வையும் இயக்குங்கள். ஃபயர்வாலை முழுதாக அணைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள், அதற்குத் தேவையில்லை.

பட்டறைமகள் – செவ்வாய், காலை 9.35

பிரைவேட் என்று மாற்றியதும் பிங்குக்குப் பதில் வந்துவிட்டது. ஆனால் ‘ரன்’ பெட்டியில் இரண்டு சாய்கோடுகளோடு 192.168.1.4 என்று கொடுத்தால், ‘தி ஸ்பெசிஃபைட் நெட்வொர்க் நேம் இஸ் நோ லாங்கர் அவெயிலபிள்’ என்ற செய்தி வருகிறது. நான் பெயரே கொடுக்கவில்லை, எண்தான் கொடுத்தேன். பிறகு எந்தப் பெயர் இல்லாமல் போயிற்று?

மூன்றாம்தெரு – செவ்வாய், காலை 10.05

இதில் எனக்கு ஐயம் இல்லை. எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு மொழி மட்டுமே தெரியும். விண்டோஸ் 7 அந்த மொழியையும் பேசியது, ஆகவே உங்களுக்கு இத்தனை நாள் சிக்கல் இல்லை. விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, அதாவது 2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸில் எஸ்எம்பி 1 வருவதில்லை. எக்ஸ்பி பேசத் தொடங்கியதும் விண்டோஸ் 11 இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. அந்தத் துண்டிப்புக்குத்தான் எக்ஸ்பி இப்படி ஒரு செய்தி தருகிறது. ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் எஸ்எம்பி 1 சர்வர் என்ற பெட்டியில் குறியிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் வேலை முடிந்தது.

லினக்ஸ்வாசி – செவ்வாய், காலை 11.20

நண்பர் மூன்றாம்தெரு நோயைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். மருந்தை மட்டும் நான் கடுமையாக மறுக்கிறேன். 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவி மருத்துவமனைகள் உட்படப் பல இடங்களை முடக்கியது, விண்டோஸின் இந்த எஸ்எம்பி 1 சேவையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பயனர் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒரு கணினியில் நுழைந்தால் அதே நெட்வொர்க்கில் திறந்திருக்கும் மற்றவற்றுக்கு அது தானாகவே தாவியது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே முடிந்திருந்தும், அந்த மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் தனியாக ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே நிலைமையின் தீவிரம் புரியும். சகோதரி, அதன் எண் கேபி 4012598. உங்கள் எக்ஸ்பியில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அலுவலகக் கணினியில் கணக்குப் புத்தகமும் ஜிஎஸ்டி விவரங்களும் வங்கி வேலையும் நடக்கும். பழைய லேத் ஒன்றுக்காக அந்தக் கணினியின் பாதுகாப்பைத் தளர்த்துவது முறையல்ல.

மூன்றாம்தெரு – செவ்வாய், காலை 11.45

ஓட்டையை அடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விண்டோஸ் 11இல் அந்தக் குறிப்பிட்ட ஓட்டை இல்லை. சில கணினிகள் மட்டும் உள்ள பட்டறையில், ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒரு பகிர்வுக்கு இத்தனை அச்சம் தேவையா? அவர்களுக்கு இன்று ஜாப் ஓட வேண்டும்.

கம்பிமுனை – செவ்வாய், பிற்பகல் 12.30

அந்தக் குறிப்பிட்ட ஓட்டை அடைக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த மொழியே பலவீனமானது. இடையில் ஒருவர் புகுந்து மாற்றுவதைத் தடுக்கப் பின்வந்த பதிப்புகளில் உள்ள காவல் எதுவும் அதில் இல்லை. ரூட்டருக்குப் பின்னால் இருக்கிறோம் என்ற நம்பிக்கையும் போதாது. இந்த வாரம் முழுவதும் பென் டிரைவ் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 2008ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய கான்ஃபிக்கர் புழு நெட்வொர்க் வழியாகவும் பரவியது, பென் டிரைவைச் செருகியதும் தானாக இயங்கும் ஆட்டோரன் வழியாகவும் பரவியது. எக்ஸ்பி கணினிகள் அதற்கு ஏராளமாக இரையாயின.

இன்றே ஜாப் ஓட வேண்டும் என்ற நண்பரின் கவலையும் நியாயமானதே. அதற்கு உடனடி வழி, கோப்புகளை நெட்வொர்க்கில் அனுப்பிப் பெறும் பழைய முறையான எஃப்டிபி. அலுவலகக் கணினியில் ஒரு எஃப்டிபி சர்வர் மென்பொருளை நிறுவி, ஒரே ஒரு ஃபோல்டரை, படிக்க மட்டும் உரிமை தந்து திறந்து வையுங்கள். எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையிலேயே எஃப்டிபி முகவரியைக் கொடுத்து கோப்பை எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் கம்பியில் மறைக்கப்படாமல் போகும் என்பதால், வேறு எங்கும் பயன்படுத்தாத ஒரு கடவுச்சொல்லை வையுங்கள்.

பட்டறைமகள் – செவ்வாய், இரவு 9.10

எஃப்டிபி வேலை செய்தது. இன்று மாலை முதல் புரோகிராம் அப்படித்தான் லேத்துக்குப் போனது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் எங்கள் அனுப்பு மென்பொருள் டிரைவ் எழுத்து உள்ள இடத்திலிருந்துதான் நேரடியாகக் கோப்பைத் திறக்கும். எஃப்டிபி என்றால் ஒவ்வொரு முறையும் எக்ஸ்பியில் நகலெடுத்துவிட்டுத் திறக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்ததில் ஆபரேட்டர் ஒருவர் நேற்றைய பழைய நகலைத் திறந்துவிட்டார். நல்லவேளையாக ஜாப் மாட்டுவதற்கு முன்பே அப்பா திரையில் பார்த்து நிறுத்தினார். லேத்தில் தவறான புரோகிராம் ஓடினால் டூல் உடைவதோடு நிற்காது, ஆளுக்கும் ஆபத்து. நிரந்தரமான வழி இருந்தால் சொல்லுங்கள். நீக்கிய விண்டோஸ் 7 கணினி சும்மாதான் இருக்கிறது.

லினக்ஸ்வாசி – புதன், காலை 7.40

கோப்பு ஒன்று, இடம் ஒன்று என்றிருப்பதே உங்கள் தொழிலுக்குப் பாதுகாப்பு. நீங்கள் சொன்ன காரணம் மிகச் சரியானது. அந்தச் சும்மா இருக்கும் கணினியே போதும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, விண்டோஸ் கணினிகளோடு ஃபோல்டரைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளைப் போடுங்கள். சாம்பா இரண்டு தலைமுறை மொழியையும் பேசும்: விண்டோஸ் 11 அதனிடம் எஸ்எம்பி 3 பேசும், எக்ஸ்பி எஸ்எம்பி 1 பேசும், ஃபோல்டர் ஒன்றாகவே இருக்கும். வங்கி வேலை நடக்கும் கணினி எஸ்எம்பி 1ஐத் தொடவே வேண்டியதில்லை. இடைநிற்கும் பெட்டியில் ஜாப் புரோகிராம்களைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள்.

இரண்டு இடங்களில் கால் இடறும். சாம்பாவின் 4.11 பதிப்பிலிருந்து அதிலும் எஸ்எம்பி 1 இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பின் பொதுப் பகுதியில் ‘சர்வர் மின் புரோட்டோகால்’ என்ற வரியில் என்டி1 (எஸ்எம்பி 1க்கு அங்கே உள்ள பெயர்) என்று கொடுத்தால்தான் எக்ஸ்பி உள்ளே வர முடியும். அடுத்தது கடவுச்சொல். எக்ஸ்பி இயல்பாக, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பழைய என்டிஎல்எம் முறையில் பதில் அனுப்பும். சாம்பா அதை ஏற்காமல், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் தவறு என்றே சொல்லும். இங்கே சாம்பாவைத் தளர்த்தாதீர்கள், எக்ஸ்பியை உயர்த்துங்கள்: உங்களுடையது புரொஃபஷனல் என்பதால் ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’ இருக்கும், அதில் ‘லேன் மேனேஜர் ஆத்தென்டிகேஷன் லெவல்’ என்ற வரியை, என்டிஎல்எம் 2 பதிலை மட்டும் அனுப்பும்படி மாற்றுங்கள். இந்த ஒரு வரி தெரியாமல் நான் ஒருமுறை இரண்டு நாள்கள் கடவுச்சொல்லையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பிமுனை – புதன், காலை 8.25

அருமையான வழி. இதோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன். எக்ஸ்பிக்கு இனி தானியங்கி முகவரி வேண்டாம். ரூட்டர் தானாக வழங்கும் வரிசைக்கு வெளியே, 192.168.1.200 போன்ற ஒரு நிலையான முகவரியையும் 255.255.255.0 என்ற மாஸ்க்கையும் கொடுத்து, கேட்வேயையும், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் வெறுமையாக விட்டுவிடுங்கள். அந்தக் கணினி பட்டறைக்குள் பேசும், வெளியே போக அதற்கு வழி தெரியாது. எக்ஸ்பியில் இன்றைய தளங்கள் எப்படியும் சரியாகத் திறக்காது. அதோடு வந்த பிரவுசருக்கு, தளங்களோடு மறைத்துப் பேசும் டிஎல்எஸ் முறையில் 1.0 பதிப்புக்கு மேல் தெரியாது. ஆகவே இழப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் உள்ளே இருக்கும் இன்னொரு கணினி கெட்டுப்போனால், அது எக்ஸ்பியை எட்டுவதை இந்த ஏற்பாடு தடுக்காது. ஆகவே லினக்ஸ்வாசி சொன்ன திருத்தமும் எக்ஸ்பியின் ஃபயர்வாலும் இருக்கத்தான் வேண்டும். எக்ஸ்பி எதையும் பகிரப் போவதில்லை, எடுத்துக்கொள்ள மட்டும் போகிறது. அதன் ஃபயர்வாலில் ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ விதிவிலக்கின் குறியையும் எடுத்துவிடுங்கள்.

பட்டறைமகள் – வெள்ளி, மாலை 6.20

இரண்டு நாள்கள் எடுத்தது. கேபி 4012598 எங்கள் எக்ஸ்பியில் இல்லை, பதிவிறக்கி நிறுவினேன். டெபியனும் சாம்பாவும் போட, கல்லூரியில் படிக்கும் என் தம்பி உதவினான். லினக்ஸ்வாசி எச்சரித்தபடியே கடவுச்சொல் தவறு என்று வந்தது. பாலிசியை மாற்றியதும் அதே கடவுச்சொல் ஏற்கப்பட்டது. ‘நெட் யூஸ்’ கட்டளையில் ‘பெர்சிஸ்டென்ட்’ என்பதற்கு ‘யெஸ்’ கொடுத்து, பகிர்வை இசட் டிரைவாக நிலைநிறுத்தினேன். அனுப்பு மென்பொருள் அங்கிருந்து நேரடியாகவே கோப்பைத் திறக்கிறது.

ஒரே ஒரு குறை. காலையில் கணினியை இயக்கியதும் இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறது. ஒருமுறை சொடுக்கித் திறந்தால் மறைந்துவிடுகிறது. மென்பொருளை அதற்கு முன் திறந்தால் ஃபோல்டர் இல்லை என்கிறது.

கம்பிமுனை – வெள்ளி, இரவு 8.05

எக்ஸ்பி வேகமாக லாகின் திரையைக் காட்டுவதற்காக, நெட்வொர்க் தயாராகும் வரை காத்திருப்பதில்லை. ‘ரன்’ பெட்டியில் ‘ஜிபிஎடிட்.எம்எஸ்சி’ என்று கொடுத்து, கம்ப்யூட்டர் பிரிவில் நிர்வாக டெம்ப்ளேட்டுகள், சிஸ்டம், லாகான் என்று போனால், ‘ஆல்வேஸ் வெயிட் ஃபார் தி நெட்வொர்க்’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதை இயக்குங்கள். கணினி எழச் சில நொடிகள் கூடும், ஆனால் டிரைவ் தயாராக இருக்கும்.

பட்டறைமகள் – சனி, காலை 9.00

குறி போய்விட்டது. இன்று காலை ஆபரேட்டரே யாரையும் கேட்காமல் இசட் டிரைவிலிருந்து புரோகிராமை அனுப்பிவிட்டார். முகவரிகளையும், கேபிள் சுவிட்ச் வழியாகப் போகும் பாதையையும் ஒரு தாளில் வரைந்து கேபினெட் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.

கம்பிமுனை – சனி, காலை 9.40

மிக்க மகிழ்ச்சி. அந்த வட்டு எத்தனை ஆண்டு ஓடியதோ தெரியவில்லை, ஆகவே எல்லாம் சரியாக ஓடும் இந்த நிலையிலேயே அதை முழுதாக இன்னொரு வட்டுக்கு நகலெடுத்து வையுங்கள். பழைய மதர்போர்டில் வட்டை இணைப்பது ஐடிஇ கேபிளா சாட்டா கேபிளா என்று பார்த்துச் சொன்னால், எந்த வட்டு வாங்குவது என்று எழுதுகிறேன்.

பட்டறைமகள் – சனி, காலை 10.15

திறந்து பார்த்தேன், ஐயா. அகலமான சாம்பல் நிறப் பட்டைக் கேபிள். அது ஐடிஇ தானே?